ஆடும் கிராங்க்: இறுக்கும் முன்னும் பின்னும் செய்யக்கூடாத தவறுகள்

சைக்கிள் பெடல் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் ஒரு 'டக்', காலுக்கடியில் லேசாக நழுவுகிற உணர்வு. கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, லூஸானால் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். பெரிய தவறு ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது: "வீடு போய்ப் பார்த்துக்கலாம்" என்று அப்படியே மிதிப்பது.

இரண்டு கிராங்க்கையும் இணைத்து நடுவில் ஓடும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) ஆக்ஸில் எஃகு. கிராங்க் பல சைக்கிள்களில் அலுமினியம். சதுர முனை கொண்ட ஆக்ஸிலில் ஒவ்வொரு முகமும் 2 டிகிரி சாய்வாக இருக்கும். போல்ட் கிராங்க்கை அந்தச் சாய்வின்மேல் ஏற்றி அழுத்திவிடுகிறது. அந்த இறுக்கம்தான் பிடிப்பு. அது போய்விட்டால், ஒவ்வொரு மிதிக்கும் எஃகின் விளிம்பு அலுமினியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். சதுர ஓட்டை உருண்டுபோன பிறகு எந்த போல்ட்டாலும் அதை நிறுத்த முடியாது. ஆகவே ஆட்டம் தெரிந்த இடத்திலேயே இறங்குங்கள். ஆடுவது இடது கிராங்க் என்றால் வலது காலால் மட்டும் மிதித்துக் கொஞ்ச தூரம் ஒப்பேற்றலாம். வலது ஆடினால் அதற்கும் வழியில்லை. செயின் வீல் அதில்தான் இருக்கிறது, எந்தக் காலால் மிதித்தாலும் விசை அந்த மூட்டு வழியாகத்தான் போகும். தள்ளிக்கொண்டு நடப்பதே நல்லது.

அடுத்தது, ஆடுவது எது என்று பார்க்காமலே இறுக்க ஆரம்பிப்பது. இரண்டு கிராங்க்கையும் இரு கையால் பிடித்து பிரேமை நோக்கியும் வெளியேயும் அசைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து அசைந்தால் கோளாறு பி.பி. பேரிங்கில். ஒன்று மட்டும் அசைந்து மற்றது அசையாமல் நின்றால் அந்தக் கிராங்க்தான். பெடல் தன் மரையில் தளர்ந்திருந்தாலும், செயின் வீல் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான் வரும். அவற்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

திசையிலும் குழப்பம் உண்டு. இடது பெடலுக்கு எதிர்மரை என்பது பலருக்குத் தெரியும். அதனால் இடது கிராங்க் போல்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துத் திருப்பிக் கழற்றிவிடுகிறார்கள். சதுர ஆக்ஸிலில் இரண்டு பக்க போல்ட்டுமே கடிகார முள் திசையில்தான் இறுகும்.

சரி, எவ்வளவு இறுக்குவது? இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறோம். சதுர ஆக்ஸில் போல்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அலகு). பையில் வைத்திருக்கும் குட்டி மல்டி டூலை வைத்து விரலால் திருகி 'இறுகிடுச்சு' என்று நினைப்பது இதன் பக்கத்தில்கூட வராது. 20 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறத்தாழ 20 கிலோ எடை தொங்கும் அளவுக்கு அழுத்தினால் 40 நியூட்டன் மீட்டர் வரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கணக்கே வேண்டாம். வழியில் மல்டி டூலால் இறுக்கியது வீடு வந்து சேரத்தான். வந்ததும் சரியான ரெஞ்சைப் போட்டே ஆக வேண்டும். போல்ட்டின் மரையிலும் தலைக்கு அடியிலும் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். வறண்ட மரையில் பெரும்பகுதி விசை உராய்வுக்கே போய்விடும், கிராங்க் மேலே ஏறாது. சதுர முகத்தில் கிரீஸ் வைக்கலாமா கூடாதா என்பது முடியாத வாதம். சுத்தமாகத் துடைத்து அளவோடு இறுக்கினாலே போதும் என்பது என் கட்சி.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, வாரா வாரம் 'இன்னும் கொஞ்சம்' என்று திருகிக்கொண்டே போவது. ஒவ்வொரு தடவையும் கிராங்க் சாய்வில் இன்னும் மேலே ஏறும். கடைசியில் ஓட்டை விரிந்து, மூலையில் விரிசல் விடும். புதிதாகப் போட்டால் முதல் சில சவாரிக்குப் பிறகு ஒருமுறை சரிபார்த்தால் போதும். சரியான அளவில் இறுக்கியும் மறுபடி தளர்ந்தால் போல்ட்டைக் குறை சொல்லாமல் கிராங்க்கைக் கழற்றி ஓட்டையைப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளில் பளபளவென்று தேய்ந்த தடம், சுற்றிலும் கருஞ்சாம்பல் நிறப் பொடி இருந்தால் சதுரம் கெட்டுவிட்டது. கழற்றுவதற்கு முன், போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு இன்னொன்றையும் கவனியுங்கள். போல்ட் தலை உட்காரும் இடத்தைவிட ஆக்ஸில் நுனி உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இரண்டும் சமமாக வந்துவிட்டால், போல்ட் ஆக்ஸிலில் முட்டி நின்றுவிடும். கைக்கு டைட்டாகத் தெரியும்; கிராங்க் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்த நிலையில் டின் தகடு வெட்டிச் செருகுவது, மரையைப் பூட்டும் பசையை ஓட்டைக்குள் ஊற்றுவது எல்லாம் சில நாள் வித்தை. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கிராங்க் கழன்று வந்தால் விழுவது நாம்தான். புதுக் கிராங்க் வாங்குங்கள்.

கழற்றும்போது சுத்தியலால் பின்னாலிருந்து அடிக்காதீர்கள், பேரிங் போய்விடும். இதற்கென்றே கிராங்க் புல்லர் என்ற கழற்றும் கருவி இருக்கிறது. அதன் வெளிமரையைக் கடைசி வரை உள்ளே ஏற்றிய பிறகே நடுத்தண்டைத் திருக வேண்டும். இரண்டு மூன்று சுற்றோடு விட்டால் கிராங்க்கின் மென்மையான மரை உரிந்து வந்துவிடும். போல்ட்டோடு வாஷர் இருந்தால் அதுவும் வெளியே வந்துவிட்டதா என்று பார்க்கவும். உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தால் புல்லர் வாஷரைத்தான் தள்ளும்.

ஆக்ஸில் வலது கிராங்க்கோடு சேர்ந்தே வரும் புது வகைகள் பலவற்றில், இடது கிராங்க்கைப் பிடிப்பது பக்கவாட்டில் உள்ள இரண்டு சிறு போல்ட்டுகள். முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி பக்கவாட்டு ஆட்டத்தை எடுக்க மட்டுமே, விரல் பலத்துக்கு மேல் வேண்டாம். இழுத்து இறுக்கினால் பேரிங் கனமாகச் சுற்றும். முதலில் மூடி, அப்புறம்தான் அந்த இரண்டு போல்ட். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவரவும்.

கிராங்க்கை ஆக்ஸிலோடு ஆப்பு போன்ற காட்டர் பின் பிடித்திருக்கும் பழைய சைக்கிளில், நட்டை முறுக்கியே பின்னை உள்ளே இழுக்கப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு, மரை அறுந்துவிடும். கிராங்க்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்து, பிறகு நட்டை இறுக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் திரும்பவும் ஒரு தட்டு, நட்டுக்கு ஒரு திருகு. இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். மாறினால் பெடல்கள் ஒரே கோட்டில் நிற்காது.

புதுக் கிராங்க் வாங்கும்போது பழையதன் பின்புறத்தைப் பாருங்கள்: 165, 170, 175 என்று மில்லிமீட்டரில் நீளம் பொறித்திருக்கும். நீளம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. சதுர ஆக்ஸிலில் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரம்), ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தரம்) என இரு அளவுகள் உண்டு. இரண்டிலும் சாய்வு ஒன்றுதான், முனையின் பருமன் வேறு. ஜே.ஐ.எஸ். கிராங்க்கை ஐ.எஸ்.ஓ. ஆக்ஸிலில் போட்டால் அளவுக்கு மேல் உள்ளே போய், புதிதாக இருக்கும்போதே முட்டி நிற்கலாம்.