நடுவில் அமுங்கிய கேக்

சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் பேக்கிங் குறிப்புப் புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பது, பல ஆண்டுகளாக எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் பழக்கம். அப்படிக் கிடைத்த ஓர் ஆங்கிலேயப் புத்தகத்தைப் பார்த்து விக்டோரியா ஸ்பாஞ்ச் என்ற கேக்கைச் செய்தபோதெல்லாம், ஓவனுக்குள் அழகாக எழும்பிய கேக் வெளியே எடுத்ததும் நடுவில் அமுங்கிப்போனது.

அந்தப் புத்தகம் கேட்ட, பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த செல்ஃப் ரைசிங் மாவுக்குப் பதிலாக, 150 கிராம் மைதாவில் 2 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கலந்து சலித்திருந்தேன்; குறை அதில்தான் என்று எண்ணி மூன்று முறை அளவை மாற்றியும் பயனில்லை. பிறகு ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிப் பார்த்தபோது, ஓவனின் வெப்பத்தைத் திருகி வைக்கும் குமிழ் 180 டிகிரி செல்சியஸில் நின்றாலும் உள்ளே 155 டிகிரிதான் இருந்தது. புத்தகம் சொன்ன 25 நிமிடத்தில் ஓரங்கள் வெந்துவிட, நடுப்பகுதி இறுகாமலே இருந்ததால், சூடு தணிந்ததும் அது தன் எடையைத் தாங்க முடியாமல் இறங்கியிருக்கிறது.

இப்போது தெர்மாமீட்டர் 180 காட்டும்வரை குமிழைக் கூட்டி வைத்துப் பொறுமையாகக் காத்திருக்கிறேன். நடுவில் குத்திய குச்சி மாவு ஒட்டாமல் வந்த பிறகே கேக்கை எடுக்கிறேன். ஃபாரன்ஹீட்டில் 350 என்று அச்சிட்ட அமெரிக்கப் புத்தகங்களின் ஓரத்திலும் செல்சியஸில் 177 என்று பென்சிலால் குறித்து வருகிறேன்.