மணலுக்குள் தண்ணீர் சேர்க்கும் அணை: கென்யாவின் வழி

கென்யாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வறண்டதோ பாதி வறண்டதோதான். கிட்டுயி, மச்சாகோஸ், மக்குவேனி பகுதிகளில் மார்ச் முதல் மே வரையும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் மழை. ஆற்றில் சில மணி நேரம் வெள்ளம் ஓடும். பிறகு வெறும் மணல்தான். வைகை மணலில் ஊற்றுத் தோண்டிப் பழகியவர்களுக்கு அடுத்த கட்டம் சொல்லாமலே விளங்கும். ஆற்றின் குறுக்கே பாறையிலிருந்து ஒரு சுவர் எழுப்பினால், வெள்ளம் கொண்டுவரும் மணல் அதன் பின்னால் நிரம்பும். அந்த மணலின் இடுக்குகளில் தண்ணீர் தங்கும். மணல் மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே போய்விட்டால் வெயில் அதைப் பெரிதாகத் தொடாது. கொசுவும் முட்டையிடாது.

வேலையில் பாதி இடம் பார்ப்பதில்தான் இருக்கிறது. சாலை பக்கத்தில் இருக்கிறது, கல்லும் சிமென்டும் இறக்கச் சுலபம் என்று இடம் முடிவு செய்த அணைகள்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

16 மி.மீ. இரும்புக் கம்பியில் 25 செ.மீ.க்கு ஒரு வெட்டு போட்டுக்கொள்ளுங்கள். ஆற்றின் குறுக்கே இரண்டு மீட்டருக்கு ஓர் இடமாக அதை மணலில் அடித்து இறக்கி, திருகாமல் நேராக உருவுங்கள். எந்த ஆழத்தில் ஈரம், எங்கே பருமணல், எங்கே களி என்பதை வெட்டுகளில் ஒட்டிய மண்ணே காட்டிவிடும். பாறையில் பட்டால் கம்பி கணீரென்று ஒலித்துத் துள்ளும். களியில் பட்டால் சத்தமின்றி இறங்கும். பாறை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை அறுபடாமல், ஆழம் குறைவாக ஓடும் இடமே அணைக்கு உகந்தது. கரையில் அத்திமரங்கள் செழித்திருந்தால் நல்ல அறிகுறி. ஆற்றின் மேல்பகுதியில் எங்காவது உப்புப் பூத்து, மாடுகள் நக்கும் பாறை இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். தேங்குவது உவர்நீராக இருக்கும்.

அடுத்து மணலைச் சோதியுங்கள். 20 லிட்டர் வாளியில் காய்ந்த மணலை நிரப்பி, மேலே நீர் தெரியும்வரை ஊற்றுங்கள். பிறகு அடியில் துளையிட்டு ஒரு மணி நேரம் வடியவிட்டு, வடிந்ததை அளந்து பாருங்கள். மணலின் கன அளவில், பருமணலில் சுமார் 35 விழுக்காடும், நடுத்தர மணலில் 25 விழுக்காடும், வண்டலில் 5 விழுக்காடும்தான் கைக்கு வரும்.

கொள்ளளவை ஓரளவு கணிக்க: அணையருகே மணலின் ஆழம் × ஆற்றின் அகலம் × மணல் பின்னோக்கிப் படியும் நீளம் ÷ 6. இரண்டு மீட்டர் ஆழம், 20 மீட்டர் அகலம், 400 மீட்டர் நீளம் என்றால் சுமார் 2,670 கன மீட்டர் மணல். நடுத்தர மணலாக இருந்தால் அதில் 25 விழுக்காடு, அதாவது ஆறரை லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் கிடைக்கும். மழைக்காலத்தில் கரைகளிலிருந்து ஊறிவருவது இதில் சேரவில்லை.

கட்டும்போது மணலைப் பாறைவரை அள்ளிவிட்டு, பாறையை இரும்புத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். பாறையில் துளையிட்டு 12 மி.மீ. கம்பிகளைச் சாந்து வைத்து நிறுத்துங்கள். அதன்மேல் 1:4 சிமென்ட் சாந்தில் கருங்கல் கட்டு. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வெற்றிடம் விடாதீர்கள். விட்டால் வாங்கிய சிமென்ட் வீண்தான். குறைந்தது 21 நாள் நனைத்துவர வேண்டும். தண்ணீரில்லாத ஊரில் இதுவே கடினமான பகுதி, முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

அணையின் இரு முனையிலும் கரைக்குள் நீளும் கைச்சுவர்களில் கஞ்சத்தனம் வேண்டாம். வெள்ளம் பெரும்பாலும் அணையை உடைப்பதில்லை, ஓரமாகக் கரையை அரித்துச் சுற்றிக்கொண்டு போகிறது; அணை நடுவில் தனியாக நிற்கும். கெட்டி மண்ணில் 5 மீட்டர், பொலபொலத்த மண்ணில் 7 மீட்டர் அளவுக்குக் கரைக்குள் கொண்டுசெல்லுங்கள். வெள்ளம் வழியும் கலிங்கை நடுவில் தாழ்வாக வையுங்கள். நீர் விழும் இடத்தில் பாறை இல்லையென்றால் பெருங்கற்களைப் பதித்துத் தளம் போடுங்கள்.

ஆற்றில் வண்டல் அதிகமென்றால் கலிங்கை ஒரே மூச்சில் முழு உயரத்துக்கு எழுப்பக் கூடாது. உயரமான சுவருக்குப் பின்னே நீர் அசையாமல் தேங்கினால் வண்டலும் படிந்து, மணலின் இடுக்குகளை அடைத்துவிடும். ஒரு பருவத்துக்கு 30 செ.மீ. மட்டும் உயர்த்தினால் கனமான மணல் தங்கும், மெல்லிய வண்டல் மேலேறி வழிந்தோடும். மேல்பகுதி நிலங்களில் சமமட்ட வரப்பு போட்டால் வண்டல் வரத்தும் குறையும்.

தண்ணீர் எடுக்க, கரையோரம் உறைகிணறு இறக்கி மூடி போட்டு அடிபம்பு வைப்பதே நல்லது. அணைக்குள்ளேயே குழாய் விட்டுக் கீழே திருகுகுழாய் வைக்கலாம். ஆனால் குழாயைச் சுற்றிக் கசியும், அடைத்தால் தோண்டி எடுப்பது பெரும்பாடு. திறந்த ஊற்றில் கழுதையும் மாடும் இறங்கும், அந்த நீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியாது.

மணல் லாரிகள் ஆற்றுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் பராமரிப்பில் சேரும். மணலை அள்ளிவிட்டால் மிஞ்சுவது ஆவியாகும் குட்டைதான். மக்குவேனி 2015-இல் மணல் பாதுகாப்புக்கென்றே சட்டம் இயற்றியது. ஒவ்வொரு பருவத்திலும் முதல் வெள்ளம் வடிந்ததும் கைச்சுவர் முனைகளைப் பாருங்கள். அரித்த இடத்தை அடுத்த வெள்ளத்துக்குள் கல்லடுக்கி மூடி, மேலே நேப்பியர் புல் நட்டுவிடுங்கள்.