கூச்சிங்கிலிருந்து பாக்கோ காட்டுக்கு: குறைந்த செலவில் போய்வருவது எப்படி?

போர்னியோ என்றாலே செலவு கூடுதல் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். போர்னியோ தீவில் மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகரான கூச்சிங்குக்கும் அதன் அருகிலுள்ள பாக்கோ தேசியப் பூங்காவுக்கும் அந்தப் பயம் தேவையில்லை. பூங்கா சுமார் 27 சதுர கி.மீ.தான். 1957-இல் அறிவிக்கப்பட்ட இதுதான் சரவாக்கின் மிகப் பழைய தேசியப் பூங்கா. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: ஒரு இரவாவது உள்ளே தங்குங்கள். படகுக்கும் நுழைவுக்கும் எப்படியும் பணம் கட்டத்தான் போகிறோம். மூக்குக் குரங்குகள் நன்றாகக் கண்ணில் படுவது விடிந்ததும் பொழுது சாயும்போதும்தான். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு அந்த இரண்டு வேளையும் கைநழுவிவிடும்.

ஆகவே விமானச் சீட்டுக்கு முன்பே படுக்கையைப் பாருங்கள். சரவாக் வனத்துறைக் கழகத்தின் இணையதளத்தில்தான் பதிவு. நான்கு பேர் அறையில் ஒரு படுக்கை 20 ரிங்கிட்டுக்குள் (மலேசியப் பணம்) கிடைக்கும். மின்விசிறி உண்டு, ஏசி கிடையாது. வார இறுதியும் பள்ளி விடுமுறையும் சீக்கிரம் நிரம்பிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் கொந்தளிப்பும் அதிகம். படகு ஓடாத நாளும் வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்லது.

கோலாலம்பூரிலிருந்து வந்தாலும் கூச்சிங்கில் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், சரவாக்கின் குடிநுழைவு தனி. நகரத்தில் ஆற்றங்கரைப் பக்கம் தங்கினால் எல்லாம் நடை தூரம். ஜாலான் இந்தியாவுக்கும் கேம்பியர் சாலைக்கும் நடுவிலுள்ள சந்தில், தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பழைய பள்ளிவாசல் இருக்கிறது. சாப்பாட்டுக்குக் கோலோ மீ (குழம்பில்லாத நூடுல்ஸ்), சரவாக் லக்சா (காரமான நூடுல்ஸ் சூப்). சைவர்கள் கவனிக்க: மிதின் கீரையில்கூடப் பெலாச்சான், அதாவது இறால் விழுது, சேர்ப்பார்கள். உணவு கேட்கும்போதே "தா மாவ் பெலாச்சான்" (பெலாச்சான் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். கோலோ மீயில் வழக்கமாகப் பன்றி இறைச்சி இருக்கும். ஹலால் கடைகளில் மாட்டிறைச்சி.

பாக்கோவுக்குச் சிவப்பு நிற 1-ஆம் எண் பஸ், ஆற்றங்கரைச் சந்தைப் பகுதியிலிருந்து ஏறக்குறைய மணிக்கு ஒன்று, கட்டணம் சில ரிங்கிட்தான். ஏறும் இடத்தை முந்தின நாளே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் கம்போங் பாக்கோ படகுத்துறை. கிராப் செயலியில் வாடகை வண்டி பிடித்துப் போவது சுலபம். திரும்பும்போது அங்கே வண்டி கிடைப்பதுதான் சிரமம். துறையில் வெளிநாட்டவருக்கு நுழைவு 20 ரிங்கிட், படகு போய்வர ஆளுக்குச் சுமார் 40 ரிங்கிட்.

இந்தப் பயணத்தில் திட்டம் குலைவது பெரும்பாலும் கடல் வற்றும் நேரத்தால். ஆற்று முகத்துவாரம் ஆழமில்லாதது. நீர் வற்றினால் படகு பூங்காத் துறையை நெருங்காது, முழங்காலளவு நீரில் இறங்கி நடக்க வேண்டும். சில வேளை படகே கிளம்பாது. கூச்சிங் கடலுக்கான ஏற்ற வற்ற அட்டவணையை முந்தைய நாளே பார்த்து, நீர் ஏறியிருக்கும் நேரத்துக்குப் பஸ்ஸைப் பொருத்துங்கள். திரும்பும் நேரத்தைப் படகோட்டியிடம் பேசி அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். செருப்பு சுலபமாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கைப்பேசியும் கடவுச்சீட்டும் நீர் புகாத பையில்.

இறங்கியதும் தெலோக் ஆசாமிலுள்ள பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்து, எந்தப் பாதை மூடியிருக்கிறது என்று கேளுங்கள். பாதைகளுக்கு மரங்களில் வண்ணக்குறி உண்டு. முதல் நாள் மாலை தெலோக் பாக்கு (0.8 கி.மீ.) அல்லது தெலோக் டெலிமா (1 கி.மீ.) பாதை போதும், தூரம் குறைவு, ஆனால் வேரும் பாறையுமாக ஏறி இறங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். குரங்கைத் தேடி ஓடாதீர்கள். நின்று, இலை சலசலக்கும் திசையைப் பாருங்கள். மறுநாள் காலை 7 மணிக்குள் லிந்தாங் சுற்றுப்பாதை, 5.8 கி.மீ., 3 முதல் 4 மணி நேரம். மேலே சத்தில்லாத மணல் நிலம். அதனால்தான் பூச்சி தின்னும் குடுவைச் செடிகள் அங்கே செழிக்கின்றன. நிழலே இல்லை, பத்து மணிக்கு மேல் வெயில் வாட்டிவிடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் குறையக் கூடாது. கடலில் குளிக்காதீர்கள், முதலை உண்டு.

உணவகத்தருகே நீண்டவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறித்துவிடும். உணவைத் துணிப்பையின் உள்ளே வையுங்கள், அறை ஜன்னலைச் சாத்துங்கள். கைப்பிடிக் கம்பியையும் கிளையையும் பார்க்காமல் பற்றாதீர்கள். பச்சை விரியன் இலையோடு இலையாக அசையாமல் கிடக்கும். இரவு வழிகாட்டியுடன் போகும் நடைக்கு அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம், கட்டணம் சொற்பம், டார்ச் அவசியம்.

பஸ், படகு, நுழைவு, படுக்கை, பூங்கா உணவகத்தில் மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 130 ரிங்கிட் அளவில் முடிந்துவிடும். அங்கே ஏடிஎம் கிடையாது. சில்லறையாக ரொக்கத்தைக் கூச்சிங்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.