சின்ன டிஎஃப்டி திரையின் மினுக்கலை நாமே சரிசெய்யலாம்: விகாம் அளவீடு, படிப்படியாக

திரையை முழுக்கச் சாம்பல் நிறத்தால் நிரப்பிவிட்டு, நேராகப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள். லேசாகத் துடிப்பது போல் தெரிகிறதா? பலரும் இதைப் பின்விளக்கின் கோளாறு என்றோ, மலிவான திரை அப்படித்தான் இருக்கும் என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்கள். பல சமயம் உண்மையான காரணம், விகாம் என்கிற ஒரே ஒரு மின்னழுத்தம் தன் இடத்தில் இல்லாததுதான். அதைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்த ஒரு அர்டுயினோவும் (நிரல் எழுதி ஓட்டும் சிறு மின்னணு போர்டு), வெளிச்சத்தை உணரும் ஒரு ஒளி டயோடும் ஒரு மாலை நேரமும் போதும்.

நான் எடுத்துக்கொள்வது ஐஎல்ஐ9341 என்ற, திரையை ஓட்டும் ஐசி (சில்லு) உள்ள 240×320 பிக்சல் திரை. எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்கள் பலரிடமும் ஏற்கெனவே இருக்கும் திரை இது, அதோடு விகாமை வெளியிலிருந்து மாற்ற வழியும் இதில் இருக்கிறது.

முதலில், ஏன் துடிக்கிறது?

திரவப் படிகத்துக்கு ஒரே திசையில் மின்னழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கக்கூடாது. கொடுத்தால் உள்ளே இருக்கும் அயனிகள் ஒரு பக்கமாகச் சேர்ந்து, பழைய படம் நிழல் போல ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு ஃப்ரேமில் (திரை முழுதும் ஒரு தடவை புதுப்பிக்கப்படுவது) நேர், அடுத்த ஃப்ரேமில் எதிர் என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள். நேர், எதிர் என்பது எதை வைத்து? எல்லா பிக்சலுக்கும் எதிர்ப்புறத்தில் பொதுவாக இருக்கும் மின்முனையை வைத்துத்தான். அந்த மின்முனையின் அழுத்தம்தான் விகாம்.

சரி, இரண்டுக்கும் நட்டநடுவில் விகாமை வைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. ஒவ்வொரு பிக்சலுக்கும் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதை அணைப்பதற்காக அதன் கேட் என்ற கட்டுப்பாட்டு முனையின் மின்னழுத்தம் சடாரென்று கீழே இறங்கும்போது, கேட்டுக்கும் பிக்சலுக்கும் இடையே உள்ள மிகச்சிறிய மின்தேக்கத்தின் வழியாக பிக்சலின் மின்னழுத்தத்தையும் கொஞ்சம் கீழே இழுத்துவிடும். ஒரு பேச்சுக்கு, +3 வோல்டும் −3 வோல்டும் கொடுக்க நினைத்து, இரண்டும் அரை வோல்ட் கீழே போனால், கிடைப்பது +2.5 மற்றும் −3.5. ஒரு ஃப்ரேம் ஒரு வெளிச்சம், அடுத்த ஃப்ரேம் வேறு வெளிச்சம். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட்டால், 30 ஹெர்ட்ஸில் துடிப்பு தெரியும். மருந்து எளிது: விகாமையும் அதே அரை வோல்ட் கீழே இறக்க வேண்டும். ஆனால் எவ்வளவு இறக்க வேண்டும் என்பது திரைக்குத் திரை மாறும், ஏனென்றால் அந்த மின்தேக்கம் டிரான்சிஸ்டரின் அடுக்குகள் எவ்வளவு துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன என்பதைப் பொறுத்தது. அதனால்தான் ஒவ்வொரு திரையையும் தனியாக அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

திருப்புளியிலிருந்து எண்ணுக்கு

ஒரு காலத்தில் பேனலின் பின்னால் ஒரு குட்டி ட்ரிம் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) இருக்கும். தொழிற்சாலையில் ஒருவர் திரையைப் பார்த்தபடியே திருப்புளியால் அதைத் திருகி, துடிப்பு அடங்கும் இடத்தில் விடுவார். இது மெதுவான வேலை, ஆளுக்கு ஆள் கண் வேறு, அப்புறம் அதிர்வில் அந்தத் திருகு நகர்ந்துவிடவும் செய்யும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் நிரலால் மாற்றக்கூடிய அனலாக் சுற்று. 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவன் காங்கும் சைமன் சேயும் மிதக்கும் கேட் டிரான்சிஸ்டரைச் சொன்னார்கள்: சுற்றிலும் கண்ணாடி போன்ற ஆக்ஸைடு, நடுவில் சிறைப்பட்ட மின்னூட்டம், மின்சாரம் போனாலும் அது அங்கேயே இருக்கும். அந்த வழியில் வளர்ந்த நினைவகத்தை ஒரு வரிசை ரெசிஸ்டர்களோடு சேர்த்தால், தன் நிலையை மறக்காத டிஜிட்டல் பொட்டன்ஷியோமீட்டர் கிடைக்கும். ஸைகார் நிறுவனத்தின் எக்ஸ்9சி103 அப்படிப்பட்டது: 10 கிலோ ஓம், 100 நிலைகள். அந்த நிறுவனத்தை 2004-இல் இன்டர்சில் வாங்கியது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். 10 வோல்டை அப்படியே 128 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 78 மில்லிவோல்ட், விகாமுக்கு இது ரொம்ப முரடு. விகாமுக்கென்றே செய்த ஐசிகள் வேறு வழியில் போயின. இரண்டு ரெசிஸ்டர்களால் ஒரு மின்னழுத்தத்தைப் பிரித்து வைப்பார்கள், ஐசி அந்த நடுப்புள்ளியிலிருந்து கொஞ்சம் கரண்ட்டை மட்டும் உறிஞ்சும். கரண்ட் குறைவாக இருந்தால் மேல் எல்லை, கூடினால் கீழ் எல்லை. அந்த எல்லைகள் எங்கே என்பதை ரெசிஸ்டர்களே முடிவு செய்கின்றன, 128 படிகளும் அந்தக் குறுகிய இடைவெளிக்குள் அடங்குகின்றன. இடைவெளி 1 வோல்ட் என்றால் ஒரு படி 8 மில்லிவோல்டுக்கும் குறைவு. கூடுதலாக ஒரு பிட்கூடச் சேர்க்காமல் துல்லியம் பத்து மடங்கு! நீங்களே ஒரு சுற்று வடிவமைக்கும்போதும், படிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன்னால் எந்த இடைவெளி உண்மையில் தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஐஎல்ஐ9341-இல் இதே வேலை உள்ளேயே நடக்கிறது. படி ஒன்றுக்கு 25 மில்லிவோல்ட்.

படி 1: இணைப்பு

திரையை எஸ்பிஐ என்ற தரவு இணைப்பு வழியாக வழக்கம்போல அர்டுயினோவோடு இணையுங்கள். ஐசி 3.3 வோல்டில் வேலை செய்வது, 5 வோல்ட் போர்டு என்றால் நடுவில் சிக்னலை 3.3 வோல்டுக்கு இறக்கும் லெவல் மாற்றி வேண்டும். பின்விளக்கை நேராக மின்சாரத்தோடு இணைத்து முழு வெளிச்சத்தில் விடுங்கள், விளக்கை வேகமாக ஏற்றி அணைத்து வெளிச்சத்தைக் குறைக்கும் பிடபிள்யூஎம் முறை கூடாது. அதன் துடிப்பு நம் அளவீட்டில் கலந்துவிடும்.

ஒளி டயோடுக்கு பிபிடபிள்யூ34 நன்றாக இருக்கும். கேத்தோடு அர்டுயினோவின் மின்வழங்கிக்கு, ஆனோடு அனலாக் பின்னுக்கு, அதே புள்ளியிலிருந்து 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்கு. டயோடைத் திரையின் நடுவில் ஒட்டி, மேலே கறுப்புத் துணி போட்டு மூடுங்கள். அறை விளக்குகளும் துடிப்பவைதான், மூடாமல் அளந்தால் நீங்கள் அளப்பது அவற்றைத்தான்.

படி 2: துடிப்பைப் பெரிதாக்குவது

சாதாரணமாக இந்தத் திரை ஒரு வரி நேர், அடுத்த வரி எதிர் என்று ஓட்டுகிறது. பக்கத்து வரிகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் பிழை மறைந்துகொள்ளும். அளக்கும்போது மட்டும் அந்த மறைப்பை எடுத்துவிடுவோம். திரையைத் தொடங்கிய பிறகு இந்த இரண்டு கட்டளைகளையும் அனுப்புங்கள் (எல்லா எண்களையும் பத்தடிமானத்தில் தருகிறேன்): கட்டளை 180, மதிப்பு 7. இப்போது திரை முழுவதும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் திசை மாறும். அடுத்து கட்டளை 177, மதிப்புகள் 0, 31. புதுப்பிப்பு வேகம் 61 ஹெர்ட்ஸுக்கு இறங்கும்.

இப்போது திரையை நிறம் 33808-ஆல் நிரப்புங்கள், அது நடுச் சாம்பல். ஏன் சாம்பல்? வெள்ளையிலும் கறுப்பிலும் மின்னழுத்தம் கொஞ்சம் மாறினாலும் வெளிச்சம் அவ்வளவாக மாறாது. நடுவில்தான் சிறு மாற்றமும் வெளிச்சத்தில் பெரிதாகத் தெரியும். இப்போதே கண்ணுக்குத் துடிப்பு தெரிய ஆரம்பிக்கும். துடிக்கும் திரையைப் பார்த்தால் வலிப்போ ஒற்றைத் தலைவலியோ வரக்கூடியவர்கள் இந்த வேலையைத் துணி மூடிய நிலையிலேயே செய்யுங்கள், அளப்பதற்குக் கண் தேவையில்லை.

படி 3: சூடேற விடுங்கள்

பதினைந்து, இருபது நிமிடம் அப்படியே ஓடட்டும். குளிர்ந்த திரையில் கிடைக்கும் எண் சூடான திரைக்குப் பொருந்தாது.

படி 4: எண்களை வரிசையாக ஓட்டுவது

இந்தத் திரையில் விகாம் ஒரே நிலையில் நிற்பதில்லை, மேல் நிலை, கீழ் நிலை என இரண்டுக்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும். கட்டளை 197 அந்த இரண்டையும் தனித்தனியாக வைக்கிறது. கட்டளை 199 இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மேலேயோ கீழேயோ நகர்த்துகிறது. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவதுதான்.

199-க்கு ஒரே ஒரு மதிப்பு. 192 என்றால் நகர்வு இல்லை. 193 ஒரு படி மேலே, 191 ஒரு படி கீழே, இப்படி 129 முதல் 255 வரை. இந்தத் திரைக்கான அடாஃப்ரூட் நிறுவனத்தின் நிரல் நூலகம் தொடக்கத்தில் 134 என்று எழுதுகிறது, அதாவது 58 படி கீழே, 1.45 வோல்ட். எல்லாத் திரைக்கும் அதே எண்! திரைக்குத் திரை மாறும் ஒன்றுக்கு ஒரே எண் எப்படிப் பொருந்தும்? உங்களிடம் இரண்டு திரைகள் இருந்தால் இரண்டையும் அளந்து பாருங்கள்.

நிரலில் செய்ய வேண்டியது இதுதான்: 129-இலிருந்து 255 வரை ஒவ்வொரு எண்ணாக 199-க்கு அனுப்பு, அரை நொடி காத்திரு, ஒரு மில்லிவினாடிக்கு ஒரு தடவையாக 100 அளவுகள் எடு, அதில் அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழி, சராசரியால் வகு. இதைப் பத்து தடவை செய்து சராசரி எடுத்து, எண்ணையும் விடையையும் சீரியல் மானிட்டரில் அச்சிடு. சராசரியால் வகுப்பதை மறக்காதீர்கள், இல்லையென்றால் திரை கொஞ்சம் மங்கினாலே துடிப்பு குறைந்ததாகத் தவறாகத் தெரியும். அளவுகள் எல்லாம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் ரெசிஸ்டரை 220 கிலோ ஓமாக்குங்கள், அளவின் உச்சமான 1023-இல் முட்டிக்கொண்டால் ரெசிஸ்டரைக் குறையுங்கள்.

படி 5: பள்ளத்தைக் கண்டுபிடிப்பது

விடைகளை வரைபடமாகப் போட்டால் ஆங்கில வி எழுத்து போல ஒரு பள்ளம் வரும். ஓரங்களில் கோடு தட்டையாகப் போனால் பதற வேண்டாம். கீழ் நிலை −2.5 வோல்டுக்குக் கீழே போகாது, மேல் நிலை 5.875-ஐத் தாண்டாது, அந்த எல்லைகளில் அப்படித்தான் ஆகும்.

இங்கேதான் ஆரம்பத்தில் எல்லாரும் செய்யும் தவறு. ஆகக் குறைந்த விடை எந்த எண்ணில் வந்ததோ அதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பள்ளத்தின் அடியில் உண்மையான துடிப்பு மிகச் சிறியது, அங்கே நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அளவீட்டு இரைச்சல். அதற்குப் பதில் இரண்டு பக்கச் சரிவுகளிலும் நேராக இருக்கும் பகுதியில் கோடு போட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். அதற்கு மிக அருகில் உள்ள முழு எண்தான் உங்கள் திரையின் எண்.

திரையின் ஓரத்தில் வைத்து அளந்தால் கொஞ்சம் வேறு எண் வரும், வெளிர் சாம்பலில் அளந்தாலும் அப்படித்தான். கேட் சிக்னல் நீண்ட கம்பியில் போகப் போக மழுங்குகிறது, திரவப் படிகத்தின் மின்தேக்கமோ அதன் மீதுள்ள மின்னழுத்தத்தோடு மாறுகிறது. ஒரே விகாம் எல்லா இடத்துக்கும் எல்லா நிறத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தாது, அதனால்தான் திரையின் நடுவும் நடுச் சாம்பலும்.

படி 6: எண்ணைச் சேமிப்பது

ஐசிக்குள்ளேயே நிரந்தரமாக எழுதவும் கட்டளை இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், தவறாக எழுதிவிட்டால் பழையபடி அழித்து எழுத முடியாது. எண்ணை அர்டுயினோவின் ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம்) ஒரு பைட்டாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் நூலகம் திரையைத் தொடங்கிய பிறகு 199-க்கு அனுப்புங்கள். வரிசை முக்கியம், முன்னால் அனுப்பினால் நூலகம் தன் 134-ஐ அதன் மேல் எழுதிவிடும். ஈஈபிராமில் எழுதுவதை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும் சுழலுக்குள் வைக்காதீர்கள், அதற்கு ஒரு லட்சம் தடவை என்ற எல்லை உண்டு.

திரைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் 180, 177 கட்டளைகளால் செய்த மாற்றம் போய், திரை வழக்கமான முறைக்குத் திரும்பிவிடும்.

படி 7: சோதனை

கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் ஒன்றைத் திரையில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு சட்டென்று நடுச் சாம்பலுக்கு மாற்றுங்கள். கட்டங்களின் நிழல் தெரிந்தால் பிக்சல்களில் இன்னும் ஒரே திசையிலான மின்னழுத்தம் மிஞ்சியிருக்கலாம். எண்ணை ஒன்றிரண்டு படி மேலும் கீழும் நகர்த்தி இதே சோதனையைத் திரும்பச் செய்து, நிழல் எதில் குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் பழைய நிழல் முழுதாக மறையும்வரை பொறுத்திருக்க வேண்டும்.