பேச்சை வைத்து ஆட்டத்தை அளக்காதீர்கள்: பழைய ஃபூட்டி ஜாம்பவான்களை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

ஹேடன் பன்டனின் தொலைக்காட்சிப் பேட்டி என்று ஒன்று கிடையாது. 1955இல் கார் விபத்தில் அடிபட்டு இறந்துபோனார். ஆஸ்திரேலியாவுக்கு டிவி வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, மெல்பர்ன் ஒலிம்பிக்ஸை ஒட்டி. ஃபிட்ஸ்ராய் அணிக்காக ஆடி 1931, 1932, 1935 என மூன்று முறை பிரௌன்லோ மெடல் வாங்கியவர். பிறகு மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய் சுபியாகோ அணிக்காக 1938, 1939, 1941 என மூன்று முறை சாண்டோவர் மெடலும் வாங்கினார். இரண்டு மாநிலங்களின் உச்ச விருதையும் மும்மூன்று முறை வென்ற மனிதர். ஆனாலும் ‘எக்காலத்துக்கும் சிறந்த ஆட்டக்காரர் யார்’ என்று ஆஸ்திரேலியாவில் பேச்சு கிளம்பினால் இளவட்டங்கள் வாயில் இவர் பெயர் வருவது அபூர்வம். யூடியூபில் அவர் முகம் பேசுவதில்லை, அவ்வளவுதான் காரணம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: ஆஸ்திரேலிய ஃபுட்பால், அவர்கள் மொழியில் ஃபூட்டி, முட்டை வடிவ மைதானத்தில் அணிக்கு 18 பேராக ஆடுவது. நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அதற்கு வெளிப்பக்கக் கம்பங்களுக்கு இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. உதைத்த பந்தைக் காற்றிலேயே பிடித்தால் அது மார்க். பிடித்தவர் நிதானமாக நின்று உதைக்கலாம். 1897இல் விக்டோரிய லீக்காக, அதாவது விஎஃப்எல்லாகத் தொடங்கியதுதான் 1990இல் ஏஎஃப்எல் என்று பெயர் மாறியது.

இந்த ஆட்டத்தின் பழைய நட்சத்திரங்களைத் தெரிந்துகொள்ளப் பலரும் முதலில் தேடுவது பேட்டிகளைத்தான். தப்பில்லை. மைக் ஷீஹன் ஃபாக்ஸ் ஃபூட்டியில் நடத்திய ‘ஓப்பன் மைக்’ மாதிரி நிகழ்ச்சிகளில் ஓய்வுபெற்றவர்கள் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள், கேட்கவும் நன்றாகவே இருக்கும். அதைக் கேட்டுவிட்டு இவர் பெரியவர், அவர் சின்னவர் என்று தராசு பிடிக்கும்போதுதான் கோளாறு.

வாய் உள்ளவர் வென்றுவிடுகிறார்

இந்தத் தவறு இரண்டு பக்கமும் இடிக்கும். ஜாக் டயரை எடுத்துக்கொள்வோம். 1931 முதல் 1949 வரை ரிச்மண்ட் அணிக்காக 312 ஆட்டம். மோதினால் எதிராளியை ஸ்ட்ரெச்சரில்தான் தூக்கிப் போக வேண்டும் என்ற பெயர். பட்டப்பெயரே ‘கேப்டன் பிளட்’. ஆனால் பிற்காலத் தலைமுறைக்குத் தெரிந்த டயர் வேறு ஆள். சேனல் செவனில் ‘வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்’, ‘லீக் டீம்ஸ்’ நிகழ்ச்சிகளில் லூ ரிச்சர்ட்ஸ், பாப் டேவிஸ் கூட உட்கார்ந்து, பெயர்களைக் கடித்துத் துப்பி, வாக்கியத்தைப் பாதியில் தலைகீழாக்கிச் சிரிக்கவைத்த தாத்தா அவர். அந்தத் துண்டுகளை மட்டும் பார்த்தவர்கள் டயரை ஒரு கோமாளி என்றே முடிவுகட்டிவிடுவார்கள். லீக்கின் நூறு ஆண்டுகளின் சிறந்தவர்களைப் பொறுக்கி 1996இல் அறிவித்த நூற்றாண்டு அணியில் அவருக்கு இடம் கிடைத்தது என்று சொன்னால், ‘அந்தக் காமெடி ஆளா?’ என்று கேட்பார்கள்.

லூ ரிச்சர்ட்ஸ் விஷயம் இதற்கு நேரெதிர். காலிங்வுட்டுக்காக 250 ஆட்டம், 1953இல் கோப்பை வென்ற கேப்டன். நல்ல ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் பல பத்தாண்டுகள் டிவியிலும் பத்திரிகையிலும் அவர் குரல் ஓயாமல் கேட்டதால், ஆட்டத்தில் இருந்ததைவிடப் பெரிய உருவமாக மனதில் பதிந்துவிட்டார். கிரிக்கெட் ரசிகர்களுக்குத் தெரிந்த மேக்ஸ் வாக்கர்கூட மெல்பர்ன் அணிக்காக 85 ஃபூட்டி ஆட்டம் ஆடியவர்தான். அவர் கதை சொல்லும் அழகை வைத்து மதிப்பெண் போட்டால் எங்கேயோ போய்விடுவார்.

சரி, பேசாதவர்கள்? ஜான் கோல்மன் 1949இல் எசண்டன் அணிக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே 12 கோல் அடித்தார். மொத்தம் 98 ஆட்டம், 537 கோல். 1954இல் முழங்கால் போனது, வயது 25. பிறகு பயிற்சியாளராக 1962இலும் 1965இலும் எசண்டனுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 1973இல் 44 வயதில் இறந்தார். ஓய்வுபெற்றவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவிடும் வழக்கம் வருவதற்கு முன்பே போய்விட்டார். கேரி ஆப்லெட் சீனியர் கதை இன்னொரு விதம். 1989 கிராண்ட் ஃபைனலில், அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டத்தில், 9 கோல் அடித்தும் அவருடைய ஜீலாங் 6 புள்ளியில் ஹாத்தோர்னிடம் தோற்றது. தோற்ற அணியில் இருந்தும் ஆட்டநாயகனுக்கான நார்ம் ஸ்மித் மெடல் அவருக்கே போனது. கேமராவைக் கண்டால் ஒதுங்குகிற மனிதர். அதே ஆட்டத்தில் எதிரணியில் இருந்த டெர்மட் பிரெரட்டன் பின்னாளில் டிவி வர்ணனையாளர் ஆனார். ஆட்டத்தின் முதல் நொடியிலேயே மார்க் யேட்ஸ் மோதித் தள்ளிய வலியோடு முழு ஆட்டமும் ஆடியவர் அவர். அந்த ஆட்டத்தைப் பற்றிய பேட்டிகளைத் தேடினால் ஹாத்தோர்ன்காரர்களின் வலியும் வீரமும் நிறையக் கிடைக்கும். ஆப்லெட் அடித்த ஒன்பதையும் பார்க்க ஆட்டத்தைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

பதிவு இல்லை என்றால் ஆட்டமே இல்லை என்று எண்ணுவது

மெல்பர்னில் 1957இலேயே ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியை டிவியில் நேரடியாகக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் முழு கிராண்ட் ஃபைனலை உள்ளூரிலேயே நேரலையாகக் காட்டியது 1977இல்தான். டிவியில் காட்டினால் மைதானத்துக்கு ஆள் வராது என்ற பயம். அதனால் அறுபதுகளின் ஆட்டக்காரர்களுக்கு முழு ஆட்டப் பதிவு மிகக் குறைவு. சில நிமிடத் துண்டுகள்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. 1970 கிராண்ட் ஃபைனலில் அலெக்ஸ் யெசலெங்கோ, காலிங்வுட்டின் கிரேம் ஜென்கின் தோள்மேல் ஏறிப் பிடித்த மார்க் அப்படிப்பட்டது. அற்புதம்தான். ஆனால் அந்த ஒரு பிடியை நூறு தடவை பார்த்துவிட்டு யெசலெங்கோ என்றால் தாவிப் பிடிப்பவர் என்று சுருக்கிவிடக் கூடாது. அதே ஆண்டில் அவர் 100 கோலைத் தாண்டியவர்.

எண்களிலும் இதே ஓட்டை உண்டு. உதை, மார்க், ஹேண்ட்பால் (பந்தைக் கையால் குத்தி அனுப்புவது) கணக்குகள் ஒழுங்காகக் கிடைப்பது 1965 முதல். டேக்கிள், அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து மடக்குவது, அதன் கணக்கு 1987 முதல்தான். ரான் பராசி ஆட்டக்காரராக ஓய்வுபெற்றது 1969இல். இணையத்தில் அவர் பக்கத்தைத் திறந்தால் டேக்கிள் கட்டம் காலியாக இருக்கும். அதைப் பூஜ்யம் என்று படித்து இன்றைய ஒரு நடுக்கள ஆட்டக்காரரோடு ஒப்பிட்டுப் படம் போட்டுப் பகிர்பவர்களை என்ன சொல்வது!

கோல் எண்ணிக்கை பழைய காலத்துக்கும் கிடைக்கிறது. ஆனால் சீசன் நீளம் மாறியிருக்கிறது. நெடுங்காலம் 18 சுற்றுகள். 1970இல் அது 22 ஆனது. பாப் பிராட் 1934இல் அடித்த 150 கோலும், பீட்டர் ஹட்சன் 1971இல் அடித்த 150 கோலும் பட்டியலில் அருகருகே நின்றாலும் ஒரே எடை இல்லை. ஹட்சன் பேட்டிகளில் 1971 கிராண்ட் ஃபைனல் பேச்சு வராமல் இருக்காது. இன்னும் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் சாதனை அவருக்கு மட்டுமே சொந்தம். அந்தக் கதையின் சுவாரசியத்தில், 129 ஆட்டத்தில் 727 கோல், ஆட்டத்துக்கு ஐந்தரைக்கு மேல் என்ற பெரிய விஷயம் காணாமல் போகிறது. இதற்கு மேல் டாஸ்மேனியாவில் அவர் அடித்த கோல்கள் தனிக் கணக்கு.

பேட்டி எந்த ஆண்டில் எடுத்தது என்று பார்க்காமல் விடுவது

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மோசமான தவறு, ஆனால் இதை யாரும் கவனிப்பதில்லை. 1959 பிரௌன்லோவில் பாப் ஸ்கில்டனும் வெர்டன் ஹொவெலும் சம ஓட்டு வாங்கினார்கள். அன்றைய விதிப்படி ஓட்டுகளைப் பிரித்துப் பார்த்து மெடலை ஸ்கில்டனுக்கு மட்டும் கொடுத்தார்கள். இப்படிச் சமமாக நின்று இழந்தவர்களுக்கு 1989இல் லீக் பின்தேதியிட்டு மெடல் கொடுத்தது. ஆகவே எண்பதுகளின் நடுவில் எடுத்த நிகழ்ச்சியில் ஹொவெல் ‘இரண்டாம் இடம்’. தொண்ணூறுகளில் எடுத்ததில் ‘பிரௌன்லோ வென்றவர்’. ஆள் அதே ஆள், ஓட்டும் அதே ஓட்டு. தேதி பார்க்காமல் இரண்டு பேட்டிகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் யாரோ பொய் சொல்வதாகத் தோன்றும்.

பிரௌன்லோவையே கடைசித் தீர்ப்பாக வைப்பதும் ஆபத்து. நடுவர்கள் ஆட்டத்துக்கு 3, 2, 1 என்று போடும் ஓட்டு அது. அந்த ஆண்டு தடை வாங்கியவருக்கு மெடல் கிடையாது. 1997இல் அதிக ஓட்டு வாங்கிய கிரிஸ் கிராண்ட் அப்படித்தான் இழந்தார். பராசி, டெட் விட்டன், லீ மேத்யூஸ், ஆப்லெட் சீனியர் நால்வரும் பிரௌன்லோ வாங்கியதில்லை. கோப்பைக் கணக்கும் அப்படியே. ஸ்கில்டன் மூன்று பிரௌன்லோ வாங்கியும், சவுத் மெல்பர்னுக்காக ஆடிய 237 ஆட்டங்களில் சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஃபைனல்ஸ் ஆட்டம் என்று ஆடியது ஒன்றே ஒன்று, 1970இல்.

பேட்டியின் காலம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். மோதல் கதைகளைப் பழைய நிகழ்ச்சிகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அரங்கமும் சேர்ந்து சிரிக்கும். 1985இல் மேத்யூஸ், பந்து வேறு பக்கம் இருந்தபோது ஜீலாங்கின் நெவில் புரூன்ஸை அடித்துத் தாடையை உடைத்தார். லீக் அவரை நான்கு வாரம் நீக்கிவைத்தது. போலீஸ் வழக்கும் வந்தது. அடி கொடுத்தவரின் ‘முரட்டுத்தனத்தை’ப் பெருமைக் கணக்கில் சேர்ப்பவர்கள் அடி வாங்கியவர்களை மறந்துவிடுகிறார்கள். கிரஹாம் ‘பாலி’ ஃபார்மர் 2019இல் இறந்த பிறகு அவர் மூளையைப் பரிசோதித்தபோது, தலையில் தொடர்ந்து வாங்கிய அடிகளால் வரும் சிடிஇ என்ற நோய் இருந்தது தெரிந்தது. விஎஃப்எல், ஏஎஃப்எல் ஆட்டக்காரர்களில் இந்த நோய் உறுதியான முதல் ஆள் அவர். வயதான ஆட்டக்காரர் ஒருவர் பேட்டியில் தடுமாறினால், தேதியைக் குழப்பினால், அதை வைத்து அவர் அறிவையோ ஆட்டத்தையோ எடைபோடுவது அநியாயம்.

நினைவு யாருக்கும் தேயத்தான் செய்யும். 1970 கிராண்ட் ஃபைனலில் கார்ல்டன் பாதி ஆட்டத்தில் 44 புள்ளி பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் பராசி ஹேண்ட்பால் போட்டுத் தாக்கச் சொன்னார், டெட் ஹாப்கின்ஸை உள்ளே இறக்கினார், ஹாப்கின்ஸ் 4 கோல் அடித்தார், கார்ல்டன் 10 புள்ளியில் வென்றது. இதை அந்த அணியைச் சேர்ந்த ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்திலிருந்து சொல்லக் கேட்கலாம். சொல்லச் சொல்ல இடைவேளை உரை நீண்டுகொண்டே போகும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த ஹாப்கின்ஸ்தான் பின்னாளில் சாம்பியன் டேட்டா என்ற புள்ளிவிவர நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கதையின் நாயகனே எண்ணிப் பார்க்கிற பக்கம் போய்விட்டார்.

மெல்பர்னோடு முடித்துக்கொள்வது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தேசிய அளவிலான டிவி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மெல்பர்னில் உருவாவதால் மற்ற மாநில ஜாம்பவான்கள் நிழலில் இருக்கிறார்கள். வடக்கு அடிலெய்டின் பேரி ராப்ரன் 1968, 1970, 1973இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் உச்ச விருதான மகாரி மெடல் வென்றவர். விஎஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே ஹால் ஆஃப் ஃபேமில் ‘லெஜண்ட்’ ஆன முதல் ஆள். ஃபார்மருக்கு ஜீலாங்கில் 101 ஆட்டம்தான். அதை மட்டும் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்பவர்கள், பெர்த்தில் கிழக்கு பெர்த், மேற்கு பெர்த் அணிகளுக்காக அவர் ஆடிய 255 ஆட்டங்களைத் தூக்கி எறிகிறார்கள்.

அப்படியானால் எப்படித்தான் ஒப்பிடுவது?

காலம், விதி, இடம், பதிவு நான்கும் பொருந்துகிற இருவரை எடுங்கள். டோனி லாக்கெட், ஜேசன் டன்ஸ்டல். இருவரும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆடிய ஃபுல் ஃபார்வர்டுகள், அதாவது கோல் கம்பங்களுக்கு முன்னால் நின்று கோல் அடிப்பவர்கள். லாக்கெட் 281 ஆட்டத்தில் 1360 கோல். டன்ஸ்டல் 269 ஆட்டத்தில் 1254. ஆட்டத்துக்கு 4.84, 4.66. டன்ஸ்டலிடம் 1986, 1988, 1989, 1991 என நான்கு கோப்பை; லாக்கெட்டிடம் ஒன்றுமில்லை. ஆனால் டன்ஸ்டலுக்குப் பந்து கொண்டுவந்து கொடுத்தது அந்தக் கால ஹாத்தோர்ன். லாக்கெட்டுக்கு வாய்த்தது பெரும்பாலும் பட்டியலின் அடியில் கிடந்த செயிண்ட் கில்டா. டன்ஸ்டல் பிறகு ஃபாக்ஸ் ஃபூட்டியில் வாராவாரம் பேசியவர். லாக்கெட் பேட்டி என்றாலே ஓடுபவர். ஆக இவர்கள் வாய்மொழியை வைத்து ஒப்பிட்டால் டன்ஸ்டல் ஆடாமலே ஜெயிப்பார்.

அதற்குப் பதில், இவர்களைத் தடுக்க நின்ற ஃபுல் பேக்குகளின் பேட்டிகளைத் தேடுங்கள். கார்ல்டனின் ஸ்டீஃபன் சில்வானி நூற்றாண்டு அணியின் ஃபுல் பேக். இருவரையும் எதிர்கொண்ட காலத்தவர். அவரைப் போன்றவர்கள் பேசும்போது ‘யார் சிறந்தவர்’ என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு, யாரிடம் உடம்பால் நசுங்கினார்கள், யார் ஓடித் தப்பித்தார், எந்த ஆளுக்கு முன்னால் நிற்கப் பார்த்தார்கள், எந்த ஆளுக்குப் பின்னால் நிற்பதே மேல் என்று முடிவுசெய்தார்கள் என்று கவனியுங்கள். அப்புறம் அந்த ஆட்டத்தின் பதிவைப் போட்டு, பந்து கேமராவுக்குள் வருவதற்கு முன் அந்த இரண்டு பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள்.