ஜெப விண்ணப்பத்தைப் பத்து நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள்

கோடை விடுமுறையில் கிறிஸ்தவ ஊழிய நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்பவர்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு நோட்டு ஒன்றை வைத்திருங்கள். ஒருவர் ஜெப விண்ணப்பம் சொல்லி முடித்து நகர்ந்ததும், பத்து நிமிடத்துக்குள் நான்கே விஷயங்களைக் குறியுங்கள்: பெயர், அவர் சொன்ன வார்த்தையிலேயே விண்ணப்பம் ஒரு வரியில், இன்றைய தேதி, மறுபடி விசாரிக்க வேண்டிய தேதி. ஆளுக்கொரு பக்கம்.

ஆராதனை முடிந்து ஐந்தாறு பேர் அடுத்தடுத்துப் பேசினால் யார் எதைச் சொன்னார் என்பது மாலைக்குள் குழம்பிவிடும். நான்காவது குறிப்புதான் முக்கியம். அறுவை சிகிச்சை வியாழக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை “எப்படி இருக்கிறார்கள்?” என்று கேட்க வேண்டும், இரண்டு வாரம் கழித்துக் கேட்பதில் அந்த ஆறுதல் இருக்காது. அவர் பேசும்போதே எழுதாதீர்கள், கண்ணீரோடு பேசுபவர் அதோடு நிறுத்திக்கொள்வார். போனிலும் வேண்டாம், வேறு யாருக்கோ மெசேஜ் அனுப்புவதாகத் தோன்றும்.

கடைசி வாரத்தில் நோட்டை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துவிடக் கூடாது. சம்மதம் சொன்னவர்களின் விவரத்தை மட்டும் பொறுப்பாளரிடம் கொடுத்து, மற்றப் பக்கங்களைக் கிழித்து அழித்துவிடுங்கள்.

தனிப்பட்ட பாவ அறிக்கைக்கு இந்த முறை பொருந்தாது. அதை எழுதவே கூடாது. ஒரு குழந்தைக்குத் தீங்கு நடப்பதாகத் தெரிந்தால் நோட்டில் குறித்துவிட்டு ஜெபிப்பது மட்டும் போதாது. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காமல், அன்றே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள்.