ஏஐ ஸ்டிக்கர் ஒட்டிய லெப்டொப் வாங்கலாமா? கடையில் வைத்தே தீர்மானிக்கும் முறை

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கொம்பியூட்டர் கடைக்குள் போனால், புதிய லெப்டொப் பலவற்றில் "ஏஐ" (செயற்கை நுண்ணறிவு) என்று ஏதாவது ஒரு ஸ்டிக்கர் இருக்கும். "இது ஏஐ லெப்டொப், அதுதான் விலை கூட" என்பார் கடைக்காரர். அந்தக் கூடுதல் காசு உங்களுக்குப் பயன்படுமா என்று பார்க்கும் முறை கீழே இருக்கிறது. கணினி பற்றி முன்கூட்டியே எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சட்ஜிபிடி, ஜெமினி போன்றவை உங்கள் லெப்டொப்பில் இயங்குவதில்லை. கேள்வி இணையம் வழியாக அந்த நிறுவனங்களின் சேர்வர் என்ற பெரிய கணினிகளுக்குப் போகிறது, பதில் அங்கிருந்து வருகிறது. 8 ஜிபி ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) உள்ள பழைய லெப்டொப்பிலும் அதே பதில்தான் வரும். "பிள்ளை கம்பஸ் அசைன்மென்டுக்கு ஏஐ பாவிக்கிறான்" என்பதற்காக மட்டும் ஏஐ லெப்டொப் தேவையில்லை. நல்ல டேட்டா பக்கேஜ் போதும்.

ஸ்டிக்கர் குறிப்பது என்பியு என்ற பகுதியை. அது புரோசசருக்குள்ளேயே, அதாவது கணினியின் மூளையான சிப்புக்குள்ளேயே, இருக்கிறது. ஏஐ கணக்குகளை வழக்கமான புரோசசரும் செய்யும், கிராஃபிக்ஸ் சிப்பும் செய்யும். என்பியு அதையே மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்யும். அதன் வேகத்தை டொப்ஸ் என்று அளக்கிறார்கள். ஒரு டொப்ஸ் என்றால் செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி கணக்குகள்.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

ஒரு கடதாசியில் அந்த லெப்டொப்பில் தினமும் நடக்கப்போகும் வேலைகளை எழுதுங்கள். வேர்ட், எக்செல், சூம் வகுப்பு, யூடியூப், புரோகிராமிங், வீடியோ எடிட்டிங் என்று. இவற்றில் என்பியு இன்று உதவுவது சூம் போன்ற வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவது போன்ற சில இடங்களில்தான். மற்றவற்றுக்கு ரேமும் புரோசசரும்தான் பேச்சு.

படி 2: ஸ்டிக்கரை விடுங்கள், இலக்கத்தைப் படியுங்கள்

எல்லா என்பியுவும் ஒன்றல்ல. விண்டோஸின் சிறப்பு ஏஐ வசதிகள் முழுதாகக் கிடைப்பது "கோபைலட் பிளஸ்" என்ற வகையில் மட்டும். 2024 யூனில் வந்த அந்த வகைக்கு மைக்ரோசொஃப்ட் வைத்த நிபந்தனை: 40 டொப்ஸுக்குக் குறையாத என்பியு, 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு.

குழப்பம் அதிகம் வருவது இன்டெல் நிறுவனத்தின் புரோசசர்களில். கோர் அல்ட்ரா 7 155எச் என்றால் என்பியு உண்டு, ஆனால் சுமார் 11 டொப்ஸ்தான். 255எச் அதைவிடப் புதியது, அதிலும் 13தான். 258வி என்றால் 47. ஆகவே 200 வரிசையில் இலக்கத்தின் கடைசி எழுத்து "வி"யா என்று பாருங்கள். "அல்ட்ரா" என்ற சொல்லே இல்லாத 13ஆம் தலைமுறை ஐ5, கோர் 5 120யு போன்றவற்றில் என்பியு இல்லை.

ஏஎம்டியில் "ரைசன் ஏஐ 7 350" என்று பெயரிலேயே ஏஐ வரும் 300 வரிசை 50 டொப்ஸ் அல்லது அதற்குச் சற்றுக் கூட. ரைசன் 7 8845எச்எஸ் பெட்டியிலும் ரைசன் ஏஐ ஸ்டிக்கர் இருக்கும், ஆனால் என்பியு 16 டொப்ஸ்தான். முதல் ஸ்னப்டிராகன் எக்ஸ் வரிசை 45. அதைப் பற்றி படி 5இல்.

படி 3: கடையிலேயே இயக்கிப் பாருங்கள்

டிஸ்பிளேக்கு வைத்த லெப்டொப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மனேஜர் திறக்கும். "பெர்ஃபோமன்ஸ்" பக்கத்தின் இடப்புறப் பட்டியலில் "என்பியு 0" என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால், ஒன்றில் அந்த லெப்டொப்பில் என்பியு இல்லை, அல்லது டிரைவர் (அந்தப் பகுதியை விண்டோஸுடன் இணைக்கும் மென்பொருள்) போடவில்லை. மேலே சொன்ன இலக்கத்தை வைத்து எது என்று கண்டுபிடிக்கலாம்.

இனி கமராவைத் திறந்து, விண்டோஸ் விசையுடன் "ஏ" எழுத்தை அழுத்துங்கள். வரும் சிறு பலகையில் "ஸ்டூடியோ எஃபெக்ட்ஸ்" இருந்தால் பின்னணி மங்கலாக்கலை இயக்குங்கள். டாஸ்க் மனேஜரில் என்பியு கோடு மேலே ஏறும், சிபியு (வழக்கமான புரோசசர்) கோடு பெரிதாக அசையாது. என்பியு உண்மையில் செய்யும் வேலை இதுதான். நீண்ட ஒன்லைன் வகுப்பில் விசிறி இரையாமல், பற்றரி மெதுவாக இறங்குவது இதனால்தான். கரண்ட் போகும் நேரத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

படி 4: ரேமைப் பாருங்கள்

இந்தப் படியைத் தவறவிடாதீர்கள். அதே டாஸ்க் மனேஜரில் "மெமரி"யைத் திறந்தால் கீழே "ஃபோர்ம் ஃபக்டர்" என்ற வரி இருக்கும். "சோடிம்" என்றால் கழற்றி மாற்றக்கூடிய ரேம். "ரோ ஒஃப் சிப்ஸ்" என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் மதர்போர்ட்டிலேயே பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. இன்டெல் "வி" வகையில் ரேம் புரோசசருடனேயே சேர்ந்து வருகிறது. 16 அல்லது 32 ஜிபி, வாங்கும் நாளில் எதை எடுத்தீர்களோ அதுதான் கடைசிவரை.

8 ஜிபி ரேமுடன் கோர் அல்ட்ரா ஸ்டிக்கர் ஒட்டி வரும் லெப்டொப்களும் உண்டு. அவற்றை எடுக்க வேண்டாம். விண்டோஸ் 11உம் பத்துப் பன்னிரண்டு டப் திறந்த குரோமுமே 8 ஜிபியை நிரப்பிவிடும். என்பியு இல்லாத 16 ஜிபி லெப்டொப், என்பியு உள்ள 8 ஜிபி லெப்டொப்பைவிட எப்போதும் மேல்.

இணையம் இல்லாமல் சொந்த லெப்டொப்பில் ஏஐ மொடல் இயக்க நினைப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். 800 கோடி அளவுருக்கள் (மொடல் கற்றதைச் சேமித்திருக்கும் எண்கள்) கொண்ட மொடலை, ஒவ்வொரு எண்ணுக்கும் 4 பிட் இடம் மட்டும் கொடுத்துச் சுருக்கினாலும் சுமார் 5 ஜிபி ரேம் பிடிக்கும். இப்படி மொடல் இயக்கும் ஒல்லாமா, எல்எம் ஸ்டூடியோ போன்ற மென்பொருட்கள் பெரும்பாலும் என்பியுவைத் தொடுவதேயில்லை, சிபியுவிலும் கிராஃபிக்ஸ் சிப்பிலும்தான் ஓடும். அந்த ஆசை தீவிரமாக இருந்தால் 8 ஜிபி சொந்த மெமரி கொண்ட என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் சிப் உள்ள லெப்டொப்பைப் பாருங்கள். பாரம் கூட, சூடு கூட, பற்றரி சீக்கிரம் இறங்கும். இன்னொன்று, இந்தச் சிறு மொடல்கள் பலவும் எழுதும் தமிழ் வாசிக்கச் சகிக்காது.

படி 5: ஸ்னப்டிராகன் என்றால் மென்பொருள் பட்டியல்

ஸ்னப்டிராகன் லெப்டொப்பில் பற்றரி அருமையாக நிற்கும். ஆனால் அது இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகைப் புரோசசர். வழக்கமான விண்டோஸ் மென்பொருட்கள் உள்ளே ஒரு மாற்றி வழியாக ஓடுகின்றன, பெரும்பாலானவை சரியாகவே ஓடும். மாட்டிக்கொள்வது டிரைவர்கள். கடையிலோ அலுவலகத்திலோ உள்ள பழைய பிரின்டர், ஸ்கேனர், பில் மெஷின் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஆர்ம் டிரைவர் வேண்டும், பழையவற்றுக்குப் பலவேளை அது கிடையாது. ஒலுவிலில் பொறியியல் படிக்கும் பிள்ளைக்கு சொலிட்வர்க்ஸ் (பொறியியல் வரைபட மென்பொருள்) தேவைப்பட்டால் ஸ்னப்டிராகனைத் தவிருங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சுபவர்கள் கவலைப்பட வேண்டாம், அது வெறும் எழுத்துரு, எதிலும் வேலை செய்யும்.

படி 6: கூடுதல் வசதிகளில் தமிழுக்கு என்ன இருக்கிறது?

கோபைலட் பிளஸில் பெரிதாகப் பேசப்படுவது "ரீகோல்": திரையில் பார்த்ததையெல்லாம் படமாகச் சேமித்து, பிறகு தேடித்தரும். நீங்கள் அனுமதித்தால்தான் இயங்கும். 256 ஜிபி டிரைவில் 25 ஜிபி வரை இடத்தை எடுத்துக்கொள்ளும். அதன் தேடல் செம்மைப்படுத்தப்பட்ட மொழிகள் ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஜேர்மன், யப்பான், ஸ்பானியம். பேச்சை மொழிபெயர்த்து எழுத்தாகக் காட்டும் "லைவ் கப்ஷன்ஸ்" தருவதும் ஆங்கிலத்திலும் சீனத்திலும்தான். தமிழில் வேலை செய்பவர் இவற்றுக்காக மேலதிகக் காசு கொடுக்கக் காரணம் இல்லை.

படி 7: இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள்

ஒரே ரேம், ஒரே சேமிப்பு, ஒன்றில் 40 டொப்ஸ் என்பியு, மற்றதில் இல்லை. விலை வித்தியாசம் சிறியதென்றால் என்பியு உள்ளதை எடுங்கள். கூடவே புதிய தலைமுறைப் புரோசசரும் நல்ல பற்றரியும் வருகின்றன. வித்தியாசம் பெரிதென்றால் அந்தக் காசை 512 ஜிபி சேமிப்புக்கோ 32 ஜிபி ரேமுக்கோ போடுங்கள்.

கட்டாரிலோ டுபாயிலோ இருக்கும் மச்சான் வாங்கி அனுப்புவதாகச் சொன்னால், பில்லுடன் உள்ள வொரண்டி இலங்கையில் செல்லுமா என்று அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். விசைப்பலகையில் அரபு எழுத்தும் இருக்கும், பாவிப்பதில் தடை இல்லை. ரேமும் புரோசசரும் ஒரே போர்ட்டில் பற்றவைத்த லெப்டொப்பில் ஒன்று பழுதானால் முழுப் போர்ட்டையும் மாற்ற வேண்டி வரலாம். வொரண்டி இல்லாவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

இங்கே வாங்கினால் பில்லில் வெறும் "ஏஐ லெப்டொப்" என்று எழுத விடாதீர்கள். புரோசசரின் முழு இலக்கம், ரேம், சேமிப்பு, சீரியல் இலக்கம், வொரண்டி யாருடையது, கடையினதா ஏஜண்டினதா, எத்தனை வருடம், எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். பெட்டியைத் திறந்ததும் டாஸ்க் மனேஜரை மறுபடி பார்த்து, பில்லில் உள்ளதுதானா என்று ஒப்பிட்ட பிறகு காசைக் கொடுங்கள்.